ஒன்றாம் எண் புத்தகம் வெளியே போயிருக்கிறது

எங்கள் கிளை நூலகத்தை மூடப்போவதாகக் கடிதம் வந்த அன்று அதை மூன்று முறை படித்தேன். முதல் முறை ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் முறை நன்றாகவே புரிந்தது. மூன்றாம் முறை எழுத்துப்பிழை ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். இருந்தால் அதை வைத்தாவது ஒரு சண்டை பிடிக்கலாமே என்றுதான். பாவிகள், ஒரு பிழைகூட விடவில்லை.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் வீட்டுக்காரர் போகிற இடமெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். இருக்கட்டும். இருபத்திரண்டு வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே ஜன்னலைப் பார்த்தவள் நான். அந்த நூலகத்தை ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதி மூடுவேன் என்றால் கோபம் வராமல் வேறு என்ன வரும்?

இரவல் குறைந்துவிட்டதாம். அதனால் இங்கே இருக்கும் புத்தகங்களைப் பதினொரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தலைமை நூலகத்துக்குக் கொண்டுபோய்விடுவார்களாம். நூலகக் குழு அடுத்த மாதம் நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்லும். வாசலைத் தாண்டி வெளியே போகிற புத்தகம் மட்டும்தான் அவர்கள் கண்ணுக்குத் தெரியும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து மோட்டார் ரிப்பேர் புத்தகத்தைப் புரட்டிவிட்டுப் போகும் எலக்ட்ரீசியன் தெரியமாட்டார். வீட்டில் முகம் கொடுத்துப் பேசாமல் இங்கே வந்து ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து ஒரே தொடர்கதையைப் படிக்கும் மாமியாரும் மருமகளும் தெரியமாட்டார்கள். பரீட்சைக்குப் படிக்கும் அந்த நர்ஸ் தெரியமாட்டாள். இவர்கள் யாரும் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போவதில்லை. வீட்டில் உட்கார்ந்து படிக்க இடம் இருந்தால் இங்கே எதற்கு வரப்போகிறார்கள்?

யோசனை சொன்னது ரகசியம். அவர் என் உதவியாளர். அவர் மெதுவாகப் பேசினால் எதிர்ப்பக்க பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் அந்தப் பெயர். என்னைவிட ஐந்து வயது இளையவர் என்பதால் நான் அவருக்கு அக்கா. "நம்ம கட்டடத்துக்கு நூறு வயசு ஆகப்போகுதுக்கா, அதைச் சொல்லுவோம், பழசுன்னா பெரிய மனுஷங்களுக்கு ஒரு மரியாதை உண்டு" என்று என் காதோரம் வந்து சொன்னார். வாசிப்பறையில் இருந்த ஏழு பேரும் தலையாட்டினார்கள்.

சாமான் அறையில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதன்மேல் துடைப்பத்தைச் சாத்திவைத்ததைத் தவிர அதற்கு ஒரு மரியாதையும் செய்ததில்லை. திறந்து பார்த்தால் நூலகத்தின் முதல் பதிவேடு. அதற்கு அடியில் ஆரம்ப வருடங்களின் கூட்டக் குறிப்பேடு. அதற்கும் அடியில், முதன்முதலில் சேர்ந்த புத்தகங்களில் மிஞ்சிய முப்பத்தாறு. இந்தச் சுற்றுவட்டாரத்துத் தையல்காரர்களும் சலவைத் தொழிலாளிகளும் அச்சுக்கூடத்துக்காரர்களும் ஆளுக்கொரு புத்தகம் கொடுத்துத் தொடங்கிய நூலகம் இது. எண் ஒன்று: 'கோட்டும் சட்டையும் வெட்டும் முறை'. கொடுத்தவர் ஒரு தையல்காரர். பதிவேட்டின் முதல் பக்கத்தில், தலைப்புக்கும் மேலே, கெட்டி மையில் ஒரே வரி: 'கேட்டவர்க்கு இல்லை என்னாமல் கொடுக்கப்படும்.'

அதைப் படித்ததும் ரகசியத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். இவ்வளவு நாள் இதன்மேலா துடைப்பம் சாத்தினோம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். கூட்டக் குறிப்பேட்டையும் அப்போதே படித்திருக்க வேண்டும். ஆனால் மை மங்கி, எழுத்துக்கு மேல் எழுத்தாக, ஒரு வரியைப் பிடிக்கவே பத்து நிமிடம் ஆனது. ரகசியம் பூதக்கண்ணாடி வைத்து ஓய்ந்த நேரத்தில் ஒரு பக்கம், ஒரு பக்கமாகப் படிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு என் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் தச்சன். கை சுத்தம், வாய்தான் அளவில்லாதது. வாசிப்பறையின் நீளச் சுவரில் நாலு பெரிய அலமாரிகள் இருக்கின்றன. அவற்றில் பழைய புத்தகங்களை வைத்துக் கண்ணாடிக் கதவு போட வேண்டும் என்றேன். அவன் சட்டத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, டார்ச் அடித்து உற்றுப் பார்த்தான். சட்டத்தில் அங்கங்கே வேறு மரத்துண்டு வைத்து இழைத்திருந்தது. மட்ட வேலை என்று நான் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்த இடங்கள் அவை.

"இது கீல் வெச்ச பள்ளம்க்கா. இங்க கதவு இருந்திருக்கு. யாரோ கழட்டிட்டு, திரும்ப மாட்டவே கூடாதுன்னு நல்லா அடைச்சிருக்காங்க" என்றான்.

நான் அதில் முதல் பாதியை மட்டும் கேட்டேன். ஆதியில் கதவு இருந்திருக்கிறது! அப்படியானால் நாம் செய்வது புதுசு இல்லை, அந்தக் காலத்தில் இருந்தபடியே திரும்பச் செய்கிறோம் என்று குதித்தேன். அந்தத் துண்டுகளைப் பெயர்த்து, அதே பள்ளத்தில் கீல் வைத்து, எட்டுக் கதவுகள் மாட்டினான். பதிவேட்டை முதல் பக்கம் தெரிய உள்ளே விரித்துவைத்துப் பூட்டும் போட்டோம், வாசலில் கண்காட்சி என்று நோட்டீசும் ஒட்டினோம். பார்க்க வருகிறவர்கள் நடந்து போக வழி வேண்டும் என்று வாசிப்பு மேசைகளில் இரண்டைச் சாமான் அறைக்குத் தள்ளினோம். மாமியாரும் மருமகளும் ஒரே மேசையில் உட்கார வேண்டியதாயிற்று. நர்ஸ் ஒரு நாள் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து படித்தாள், மறுநாள் வரவில்லை. நல்ல காரியத்துக்கு நாலு நாள் பொறுத்துக்கொள்ளட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன்.

குழு வந்தது. தலைவி அறுபது வயதுக்காரர், பருத்திப் புடவை, மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டியிருந்தார். திட்டுவதற்குத் தயாராக இருந்த எனக்கு அவரைப் பார்த்ததுமே பிடித்துப்போனது ஒரு தொந்தரவு. அலமாரி அலமாரியாக நின்று பார்த்தார். ஒன்றாம் எண் புத்தகத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். பதிவேட்டின் அந்த முதல் வரியை நான் படித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரகசியம் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

தலைவி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "இந்த இடத்தை மூடவே விடமாட்டேன்மா. இதை அப்படியே அருங்காட்சியகமா மாத்திடலாம். மத்த புத்தகத்தை மட்டும் தலைமை நூலகத்துக்கு அனுப்பிடுவோம். இனிமே இங்க தூசிகூடப் படாது."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நன்றி என்று வேறு சொல்லித் தொலைத்தேன். அவர்கள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அருங்காட்சியகம் என்றால் எலக்ட்ரீசியன் வரமாட்டார். மோட்டார் புத்தகம் லாரி ஏறிவிடும். என்னையே மேற்பார்வையாளராகப் போடுவார்களாம், அதை வேறு ஒரு பரிசு மாதிரி சொல்லிவிட்டுப் போனார். நூலகத்தைக் காப்பாற்றக் கிளம்பி, சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை இடத்தை அளக்க ஆள் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு பெண் வந்தாள். இரண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருப்பவள், கழுத்தில் அளவு நாடா தொங்கியது. இத்தனை வருடம் இந்தப் பக்கம் வந்ததே இல்லையாம். கண்காட்சி என்று ஒட்டிய நோட்டீசைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வந்திருக்கிறாள். அப்போதுதான் ஒன்றாம் எண் புத்தகத்தைப் பார்த்தாளாம். ஒரு நாடகக் குழு அவளிடம் பன்னிரண்டு பழைய காலத்துக் கோட்டுகள் தைக்கச் சொல்லியிருக்கிறது. தோள் எப்படி வெட்டினார்கள், காலர் எப்படி நின்றது என்று எங்கே தேடியும் சரியாகக் கிடைக்கவில்லை. அந்தப் புத்தகம் வேண்டும் என்றாள்.

அது காட்சிக்கு வைத்தது, வெளியே கொடுப்பதில்லை என்றேன். பழக்கமே இல்லாத அந்த வாக்கியம் என் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவள் கோபிக்கவில்லை. கண்ணாடியையும் பூட்டையும் பார்த்தாள். "இல்லன்னு சொல்லாம கொடுப்போம்னு அங்க எழுதி வெச்சிருக்கீங்களே மேடம். அது யாருக்கு எழுதினது?" என்றாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் என்னை இன்னும் கொன்றது. நான் மேசை இழுப்பறையைத் திறந்து மூடினேன்.

அப்போது ரகசியம் குறிப்பேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். முகமெல்லாம் வேர்வை. ஒரு பக்கத்தை என் முன்னால் விரித்துவைத்து, வழக்கமான ரகசியக் குரலில் படித்தார்:

'இரவல் போகும் புத்தகம் குறைவென்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறபடியால் ஆராயப்பட்டது. அலமாரிக் கதவுகள் சாத்தியிருப்பதைக் கண்டு, எடுக்கலாமோ கூடாதோ என்று அஞ்சிப் பலர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். ஆகவே எல்லாக் கதவுகளையும் கழற்றி, மறுபடி மாட்டாதபடி பள்ளங்களை அடைத்துவிடத் தீர்மானிக்கப்பட்டது. புத்தகம் கிழிந்தால் தைத்துக்கொள்ளலாம். திரும்பிப் போனவரைக் கூப்பிட நமக்கு விலாசம் தெரியாது.'

நூலகத்தின் இரண்டாம் வருடம், ஏழாவது கூட்டம். மூன்று மாதம் கழித்து இன்னொரு பக்கத்தில் ஒரு சின்னக் குறிப்பு இருந்தது: இரவல் இரண்டு மடங்கு.

அவர்களுக்கும் இதே கடிதம் வந்திருக்கிறது. அவர்கள் கதவைக் கழற்றினார்கள். நான் அவர்களைக் கொண்டாடுகிறேன் பேர்வழி என்று, அவர்கள் அடைத்த பள்ளத்தையே பெயர்த்துக் கதவை மாட்டியிருக்கிறேன். இதற்கு இருபத்திரண்டு வருட அனுபவம் வேறு. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. தையல்காரப் பெண் அளவு நாடாவைப் பிடித்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பூட்டைத் திறந்தேன். புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். தையல் விடவில்லை, தாள் நொறுங்கவில்லை, அந்தக் காலத்தில் துணியை அரைத்துச் செய்த கெட்டித் தாள். கடைசியில் பெரிய வரைபடங்கள் எட்டாக மடித்து ஒட்டியிருந்தன. அவளை உறுப்பினராகச் சேர்த்தேன். தேதிச் சீட்டில் கடைசி முத்திரை முப்பத்தொரு வருடத்துக்கு முந்தையது. அதற்குக் கீழே அன்றைய தேதியிலிருந்து பதினான்கு நாள் தள்ளி முத்திரை குத்தினேன். நான் புத்தகத்தை விடாமல் பிடித்திருந்ததைப் பார்த்து, "பத்திரமா வெச்சுக்குறேன் மேடம், பன்னெண்டு கோட்டு துணியை நம்பி என்கிட்ட கொடுத்திருக்காங்க, ஒரு புத்தகத்தைப் பாத்துக்க மாட்டேனா" என்று அவள்தான் எனக்குத் தைரியம் சொன்னாள்.

தம்பியை வரச்சொல்லி எட்டுக் கதவுகளையும் கழற்றச் சொன்னேன். அவன் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, உட்கார்ந்து, நிதானமாக ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தான். போன வாரம் மாட்டச் சொன்னது யார், அதுவும் அக்காதானா, இல்லை அக்கா மாதிரி வேறு யாராவதா என்று கேட்டான். நான் குறிப்பேட்டுப் பக்கத்தைக் காட்டினேன். படித்துவிட்டு அவன் ஒன்றும் பேசவில்லை, அது ஓர் அதிசயம். கதவுகளைக் கழற்றி, அவன் பெயர்த்த அதே மரத்துண்டுகளைத் தேடி எடுத்துத் திரும்பவும் பள்ளத்தில் வைத்து அடைத்தான். கூலி வேண்டாம் என்றான். சாமான் அறையிலிருந்த இரண்டு மேசைகளையும் அவனும் ரகசியமும் தூக்கிவந்து பழைய இடத்தில் போட்டார்கள். மருமகள் எழுந்து போய்த் தன் மூலையில் உட்கார்ந்துகொண்டாள்.

சனிக்கிழமை தலைவி வந்தார். கூடவே நாடாவும் நோட்டும் வைத்துக்கொண்டு ஓர் அளவைக்காரர். உள்ளே வந்த தலைவி அப்படியே நின்றுவிட்டார். கதவு இல்லை. பூட்டு இல்லை. முப்பத்துநாலு பழைய புத்தகங்கள் மற்றவற்றோடு தட்டில் இருந்தன. இன்னொன்றை எலக்ட்ரீசியன் மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒன்றாம் எண் இருந்த இடத்தில் அதன் இரவல் அட்டை மட்டும் நின்றது.

எங்கே என்று கேட்டார். வெளியே போயிருக்கிறது என்றேன். எங்கே வெளியே என்றார். ஒரு தையல் கடைக்கு என்றேன். அவர் முகம் சிவந்தது. அப்படிப்பட்ட நல்ல மனுஷிக்குக் கோபம் வந்தால் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. உலகத்தில் வேறு எங்கேயும் இல்லாமல்கூட இருக்கலாம், நகல் எடுத்தாவது கொடுத்திருக்கக் கூடாதா என்றார். அந்த வரைபடம் எங்கள் ஜெராக்ஸ் மெஷினில் கால்வாசிகூட அடங்காது என்றேன். இதற்கு விளக்கம் எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கும், வேலைக்கே ஆபத்து வரலாம் என்றார். வரட்டும் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. பயம் இருந்தது. குறிப்பேட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். அளவைக்காரர் அளக்கலாமா என்று கேட்டார், தலைவி அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

"அவங்க வெச்சிட்டுப் போனது இந்தப் புத்தகம் மட்டும் இல்ல மேடம்," என்றேன். "யார் வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுக்குற பழக்கத்தையும் வெச்சிட்டுப் போயிருக்காங்க. புத்தகத்தை வெச்சுக்கிட்டு அதை விட்டுட்டா, நாம எதைக் காப்பாத்தினோம்?"

அவர் குறிப்பேட்டை மூடினார். முதலில் அந்தப் புத்தகத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எழுந்தார். இரண்டு தெருவும் என் பின்னாலேயே வேகமாக நடந்தார்.

தையல் கடை ஒரு சின்ன அறை. இரண்டு மெஷின், ஒரு நீள மேசை. மேசையில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் ஒன்றாம் எண் புத்தகம். வரைபடத்தாளைப் பிரித்து, நாலு மூலைக்கும் துணிப்பொதி வைத்து, பக்கத்தில் பழைய செய்தித்தாளில் தோள்பட்டை, கை, காலர் என்று வரைந்து வெட்டியிருந்தாள். ஒரு கோட்டு பாதி தைத்தபடி பொம்மையின் மேல் நின்றது. அதன் காலர் அப்படி நிமிர்ந்து நின்றது. தலைவி கிட்டே போய் அந்தக் காலரைத் தொட்டார். பிறகு புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த அளவுகளைப் பார்த்தார். ஒரே கையெழுத்து இல்லை. நாலைந்து பேருடையவை, வெவ்வேறு காலத்தவை.

தான் யார் என்று சொல்லி, அந்தப் புத்தகத்தைத் திரும்ப எடுத்துப்போக வந்திருப்பதாகச் சொன்னார். சாந்தமாகத்தான் சொன்னார்.

தையல்காரப் பெண் என்னைப் பார்த்தாள். அவள் தேதிச் சீட்டை எடுத்துக் காட்டினாள். "இன்னும் பத்து நாள் இருக்குங்க. அதுக்கு முன்னாடி தரமுடியாது. உங்களுக்கு அவசரம்னா இங்கயே உக்காந்து பாருங்க" என்று ஸ்டூலின் மேலிருந்த துணியை எடுத்துவிட்டு இடம் பண்ணினாள்.

தலைவி உட்கார்ந்தார். கை கழுவத் தண்ணீர் கேட்டார், கழுவித் துடைத்துக்கொண்டு பக்கம் புரட்டினார். தையல்காரப் பெண் மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள். அரைமணி நேரம் போயிருக்கும். எனக்கு நின்று நின்று கால் வலித்தது. கடைசியில் தலைவி, உங்கள் வேலை முடிந்ததும் எனக்கு அடுத்ததாகக் கிடைக்குமா என்று அவளைக் கேட்டார். அது மேடத்தைக் கேட்க வேண்டும், நூலகத்தில் பெயர் பதிந்து வைத்தால் கொடுப்பார்கள் என்று அவள் மெஷினை நிறுத்தாமலே சொன்னாள்.

திரும்பி வந்ததும் பதிவுச் சீட்டை எடுத்து, உறுப்பினர் எண் என்ன என்று கேட்டேன். வேண்டுமென்று கேட்கவில்லை, பழக்கம். தலைவி பேனாவின் மூடியைத் திறந்து மூடினார். ஆறு வருடமாக நூலகக் குழுவுக்குத் தலைவர். எந்த நூலகத்திலும் அவருக்கு உறுப்பினர் அட்டை கிடையாது. அதை அவர் என்னிடம் மெல்லிய குரலில்தான் சொன்னார். ரகசியம் மேசைக்கு அடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்தேன். பெயர், விலாசம் எல்லாம் எழுதி, எந்தக் கிளையில் சேர விருப்பம் என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்தினார். அளவைக்காரர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு, அளக்கட்டுமா வேண்டாமா என்று மறுபடி கேட்டார். தலைவி எழுதி முடித்துப் படிவத்தை என் பக்கம் தள்ளினார். இந்தக் கிளையின் பெயர்தான் இருந்தது.

"இன்னும் பத்து நாள்ல புத்தகம் வந்துடும் மேடம்," என்றேன். "அன்னைக்கு நாங்க திறந்திருப்போமா?"

அவர் கைப்பையிலிருந்து, முதல் தடவை வந்துபோனபின் எழுதிய குழு அறிக்கையை எடுத்தார். அருங்காட்சியகம் என்று இருந்த இடத்தைக் குறுக்கே அடித்து, மேலே நூலகம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டார். குறிப்பேட்டின் அந்த இரண்டு பக்கத்தையும் நகல் எடுத்துக் கூட வைக்கச் சொன்னார், குழுவில் மற்றவர்களிடம் சண்டை போட அது தேவைப்படும் என்றார்.

"திறந்திருக்கணும்," என்றார். "அடுத்தது என் முறை இல்லையா?"